கலியாணவீட்டுக் கமராவோட சஞ்சிகை வேலை: தீவுப் பக்கம் படம் எடுக்கப் போறன், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

#1 முற்றத்துவெயில்

எல்லாருக்கும் வணக்கம். கோண்டாவில்லதான் இருக்கிறன். கலியாணவீடு, சாமத்தியவீடு (பூப்புநீராட்டு விழா), கோயில் திருவிழா எண்டு கனகாலமாப் படமெடுத்துத்தான் சீவியம் போகுது. அதுக்குள்ள நேரம் கிடைக்கேக்கை எனக்கெண்டு கொஞ்சப் படம் எடுத்து இணையத்தில போட்டு வைச்சிருந்தன். சுருட்டுச் சுத்திறவை, மொறிஸ் மைனர் திருத்திற கராஜ்காரர், இணுவில் தவில்காரர், இப்பிடி எல்லாம் வேலை செய்யிற ஆக்கள். அதைப் பார்த்திட்டு வெளிநாட்டுப் பயணச் சஞ்சிகை ஒண்டின்ரை பட ஆசிரியர் மின்னஞ்சல் போட்டிருக்கிறா. தீவுப்பகுதி பற்றி ஒரு கட்டுரை வருகுதாம். பத்துப் பன்னிரண்டு படம் போடுவினமாம், அதில அரைவாசி ஆக்களின்ரை படமா இருக்கவேணுமாம்.

அவ அனுப்பின பட்டியலில நெடுந்தீவுக் குதிரை, பெருக்கமரம், கோட்டை இடிபாடு, கல்வேலி, நயினாதீவுக் கோயில் எல்லாம் இருக்கு. கடைசி வரி இது: வயசான மீன்பிடிகாரர் ஒராள், முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தால் நல்லம், கறுப்பு வெள்ளை எண்டால் இன்னும் நல்லம்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு இடிக்குது. எண்டாலும் முதல்முதல் வாற வேலை, முகத்தை முறிக்கவும் ஏலாது. என்ன செய்யலாம்? மற்றது, ஒப்பந்தத்தில எதைப் பார்க்கவேணும், படத்துக்கு நிக்கிற ஆக்களுக்குக் காசு குடுக்கிறதோ இல்லையோ, இதுகளையும் சொல்லுங்கோ.

#2 கொக்குவில்_செற்றப்

வாழ்த்து மச்சான். ஆனா கணக்கைப் பார். ஒரு சாமத்தியவீடு, அல்பம், வீடியோ, ட்ரோன், மேடைக்கு முன்னால நிண்டு புகை விடுற மெசின் எல்லாம் சேர்த்து என்ன வாங்கிறாய், சஞ்சிகைக்காரர் என்ன தருவினம்? அதுவும் அச்சடிச்சு வந்தாப்பிறகுதான் காசு எண்டுவினம். பெயருக்குச் செய்யிறதெண்டால் செய். கமரா வாங்கின லீசிங் காசை அந்தப் பெயரால கட்டேலாது.

#3 படமேசை

லண்டனில இருக்கிறன். சஞ்சிகை ஒண்டின்ரை படப் பிரிவில வேலை செய்தனான், மேசைக்கு அங்காலப் பக்கம் இருந்து சொல்லுறன்.

பட ஆசிரியர் தாற பட்டியலைக் கட்டளை எண்டு எடுக்காதேங்கோ. அவ நெடுந்தீவுக்கு வந்திருக்கமாட்டா. தேடுபொறியில முதல் பக்கத்தில வந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருப்பா. அந்தப் படங்களை ஆரோ ஏற்கெனவே எடுத்திருக்கிறபடியாத்தான் அவவுக்கு அதுகள் தெரியும். அப்பிடியெண்டால் உங்களுக்கு என்னத்துக்குக் காசு தரவேணும்? அவவுக்குத் தெரியாத ஒண்டு வேணும் எண்டுதான். அதுக்காகப் பட்டியலைத் தூக்கி எறியவும் வேண்டாம். குதிரை இல்லாமல் போனால் ஆசிரியர் கூட்டத்தில அவதான் பதில் சொல்லவேணும். பட்டியலில உள்ளது அவ்வளவையும் எடுத்துக் குடுங்கோ, அதோட நீங்கள் கண்ட ஆக்களையும் வையுங்கோ. பக்கம் கட்டேக்கை எது நிக்கும், எது விழும் எண்டு பிறகு பாருங்கோ.

அந்தச் சுருக்க முகத்துக்கு வருவம். 85 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, பின்பக்கத்தை மெழுகி மங்கலாக்கி, கறுப்பு வெள்ளையில கூர்மையைக் கூட்டி எடுத்த கிழவன் முகம் எந்த நாட்டுக் கடற்கரையில எடுத்ததாயும் இருக்கலாம். ஆள் ஆரெண்டு தெரியாது, ஊர் எதெண்டும் தெரியாது. பயணச் சஞ்சிகைக்கு அது வீண் பக்கம். வந்து குவியிற படங்களில பாதி அதுதான், எங்களுக்கே அலுத்துப்போன சாமான். அகலமா எடுக்கிற 35 மில்லிமீற்றர் லென்ஸைப் போடுங்கோ. ஆள், ஆளின்ரை கையில இருக்கிற சாமான், பின்னால அவர் நிக்கிற இடம் மூண்டும் ஒண்டா விழவேணும். ஆனா ஒண்டரை மீற்றருக்குக் கிட்டப் போகாதேங்கோ. மூக்கும் முன்னுக்கு நிக்கிற கையும் பெருத்துப் போகும், பார்க்கிறவை சிரிப்பினம்.

கலியாணவீட்டுக்காரர் கவனிக்காத விசயம் ஒண்டு இருக்கு. கட்டுரை திறக்கிற படம் ரெண்டு பக்கத்துக்கும் விரியும், நடுவில மடிப்பு விழும். முகத்தை நட்டநடுவில வைச்சால் மடிப்பு முகத்தைப் பிளந்துபோடும். ஒரு பக்கத்தில வானத்தையோ கடலையோ வெறுமையா விடுங்கோ, தலைப்பு அதிலதான் ஏறும். ஒவ்வொரு ஆளையும் நிமிர்த்தி ஒண்டு, கிடையா ஒண்டு எடுங்கோ. இடத்தோட தள்ளி நிண்டு, இடுப்பளவில, பிறகு கை மட்டும். அல்பத்துக்கு ஆயிரம் படம் தட்டுற பழக்கத்தைக் கரையிலயே விட்டிட்டுப் படகு ஏறுங்கோ.

#4 தீவான்

நான் நெடுந்தீவில பிறந்த ஆள், இப்ப யாழ்ப்பாணத்தில வேலை. ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. எங்கடை ஊருக்குக் கமராவோட வாறவை எல்லாரும் குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கட்டின புறாக்கூடு, இடிஞ்ச ஆஸ்பத்திரி எண்டு ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் பின்னேரப் படகில ஏறிடுவினம். அந்தப் படங்களைப் பார்த்தால் தீவில சனமே இல்லை எண்டுதான் நினைப்பினம். குதிரைக்குக் கோடையில குடிக்கத் தண்ணியில்லை எண்டு செய்தி வருகுது, வரவேண்டியதுதான். அதே தண்ணிக்குச் சனமும் குடத்தோட நிக்குதே, அதை எடுத்த படம் எங்க?

ஆக்களின்ரை படம் வேணுமெண்டால் குறிகட்டுவான் இறங்குதுறையிலயே தொடங்குங்கோ. படகுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற ரீச்சர்மார், சைக்கிளைத் தூக்கி ஏத்திறவை, சிமெந்து மூடையையும் காஸ் சிலிண்டரையும் கை மாத்திக் குடுக்கிற பொடியள், குமுதினியில வேலை செய்யிறவை. நெடுந்தீவாருக்குக் குமுதினி எண்டால் வெறும் படகில்லை, 1985 மே 15 இல அதில நடந்த கொலை எல்லாற்றை வீட்டிலயும் கதையா இருக்கு. எழுத்தாளர் அதைத் தொடுவாரோ தெரியாது. நீங்கள் படம் எடுக்கேக்கை தெரிஞ்சு வைச்சிருங்கோ, சும்மா வடிவான பழைய வள்ளம் எண்டு நினைச்சு எடுக்காமல்.

கல்வேலியையும் வேலியா மட்டும் எடுக்காதேங்கோ. பவளக் கல்லைச் சாந்தில்லாமல் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினது அது. மாடு இடிச்சு விழுந்தால் வீட்டுக்காரர் வந்து திருப்பி அடுக்குவார். ஒரு கல்லை எடுத்து, பிரட்டிப் பார்த்து, இருக்காட்டி வைச்சிட்டு வேறை கல்லை எடுப்பார். பெரிசு ரெண்டுக்கு நடுவில சின்னதைச் செருகி உள்ளங்கையால தட்டிப் பார்ப்பார், ஆடக்கூடாது. அடுக்கி முடிஞ்சாலும் கல்லுக்கு இடையால அங்கால வெளிச்சம் தெரியும், காத்துப் போறதுக்கு வழி. அந்த வேலை நடக்கேக்கை நிண்டு எடுத்த படம் ஒண்டை இண்டைவரைக்கும் நான் காணேல்லை.

#5 முற்றத்துவெயில்

தீவான் அண்ணை, நான் ஏன் கோவிக்கப்போறன். கல்வேலி அடுக்கிறது நல்ல யோசனை, அதையே பெரிய படமா நினைச்சு வைச்சிருக்கிறன்.

ஒரு பிரச்சினை வெயில். படகு போய்ச் சேரேக்கை வெயில் ஏறியிடும். ஃபிளாஷும் குடையும் தூக்கிக்கொண்டு தீவு முழுக்கத் திரிய ஏலாது. மத்தியானத்தில முகம் எடுக்கிறது என்ன மாதிரி?

#6 பழைய_நெகட்டிவ்

தம்பி, ஃபிளாஷ் வேண்டாம். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வர விடாத காலத்தில நாங்கள் ஸ்டூடியோ நடத்தினனாங்கள். மின்சாரமும் இல்லை. கிழக்குப் பக்க யன்னலும் வெள்ளை வேட்டியும்தான் லைற். அடையாள அட்டைப் படம் அவ்வளவும் அப்பிடித்தான் போனது.

இஞ்சத்தை வெயிலுக்கு ஒரு குணம் இருக்கு. வருசத்தில ரெண்டுதரம், சித்திரைப் புதுவருசத்தை ஒட்டியும் பிறகு ஆவணியிலயும், மத்தியானச் சூரியன் எங்கடை தலைக்கு நேர் மேல வரும். அந்த நேரம் வெளியில நிப்பாட்டினால் கண் ரெண்டும் குழி. மற்ற மாதங்களிலயும் பத்து மணிக்குப் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. விடியலும் பொழுதுபடுறதும் இஞ்ச கெதியா முடிஞ்சிடும், சூரியன் விழுந்து அரை மணித்தியாலத்தில இருட்டு. அதால நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறதை விட்டிட்டு நிழலைத் தேடப் பழகு. பழைய வீடுகளின்ரை வாசலில சங்கடப்படலை இருந்தால் அதைப்போல ஒரு இடம் கிடைக்காது. மேல கூரை, முன்னும் பின்னும் திறப்பு, இருக்கத் திண்ணை. ஆளை ஓரத்தில இருத்தி ஒழுங்கைப் பக்கம் பார்க்கச் சொல்லு, போதும். விறாந்தையும் சரி. மரநிழல் எண்டால் கவனம். இலைக்கு இடையால வாற பொட்டு வெயில் முகத்தில புள்ளி புள்ளியா விழுந்து தேமல் மாதிரிக் கிடக்கும்.

நிலத்தையும் பார். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் செம்மண். தோட்டத்துக்குள்ள ஆளை நிப்பாட்டினால் நாடிக்குக் கீழயும் வெள்ளைச் சேட்டிலயும் சிவப்பு ஏறும். கமராவில நிறத்தைச் சரிசெய்யிற வெள்ளைச் சமநிலையை மாத்திச் சேட்டைச் சரிப்படுத்தினால் நெத்தி நீலமாகும். மேல வானத்து வெளிச்சம், கீழ மண்ணின்ரை வெளிச்சம், ரெண்டையும் ஒண்டாச் சரிப்படுத்தேலாது. ஆளைச் சீமெந்துத் தரைக்குக் கொண்டு வா, இல்லாட்டிக் காலடியில வெள்ளைத் துணியை விரி. வாழைத்தோட்டத்துக்குள்ள இதே கூத்து, பச்சையில நடக்கும். தீவுப் பக்கம் உனக்கு வாய்ப்பு. சுண்ணக்கல்லும் வெள்ளை மணலும் கீழயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி எறியும். தொப்பியோ தலைப்பாகையோ போட்ட ஆளெண்டாலும் கண் தெரியும்.

கடைசியா ஒண்டு. கடலுக்கும் வானத்துக்கும் முன்னால எங்கடை நிறத்து ஆள் நிண்டால் கமராவின்ரை மீற்றர் ஏமாந்துபோகும். பின்னால கிடக்கிற வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைச்சுப்போடும், முகம் கரியாகும். மீற்றரைப் புள்ளி அளவில வைச்சு முகத்தை மட்டும் அளந்து எடு, இல்லாட்டி ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காக் கூட்டு. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பிறகு கணினியில இழுத்துத் தூக்கலாம் எண்டு விடாதை, இருட்டுக்குள்ள கிடந்த தோலை இழுத்தால் சாம்பல் பூத்துப்போகும். எங்கடை தோலின்ரை நிறத்தைச் சாம்பலாக்கி அச்சடிச்ச சஞ்சிகைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போச்சு.

#7 கொக்குவில்_செற்றப்

நெகட்டிவ் ஐயா இப்பிடி எழுதினால் நாங்கள் ஃபிளாஷ் எல்லாத்தையும் விக்கத்தான் வேணும் 😀

#8 சுன்னாகம்_செம்மண்

காசு குடுக்கிறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை கருத்து, குடுக்கவேணும். பனையில கள்ளுச் சீவிற சீவல்தொழிலாளி ஒராளை எடுத்துக்கொள்ளுங்கோ. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மரம் ஏறுவார். காலில தளைநார், இடுப்பில கத்திக்கூடு, கள்ளுச் சேர்க்கிற முட்டி. கருப்பணிக்கெண்டால் (பதநீர்) முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவிக்கொண்டு போவார். ஒரு மரத்தில இருந்து இறங்கி அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரத்தையும் அவர் எண்ணி வைச்சிருக்கிறார். அந்த நேரத்தில மறிச்சு, "ஐயா, வெளிச்சம் சரியில்லை, இன்னொருக்கா ஏறுங்கோ" எண்டு கேக்கிறவையைக் கண்ணால கண்டிருக்கிறன். விழுந்தால் ஆர் பொறுப்பு? சஞ்சிகைக்காரர் உங்களுக்குக் காசு தருகினம். அவருக்கு?

#9 படமேசை

செம்மண், உங்கடை கோவம் நியாயம். ஆனா எல்லாத்தையும் ஒரு தட்டில போடேலாது. செய்திப்படம் எண்டால் காசு குடுக்கக்கூடாது எண்டது பல செய்தி நிறுவனங்களின்ரை விதி. காசுக்காக ஒராள் நடிச்சால் அது செய்தியில்லை. பயணக் கட்டுரையில ஒராளைக் கூப்பிட்டு, இருத்தி, அவற்றை வேலையைக் குழப்பி எடுத்தால் அந்த நேரத்துக்குக் கூலி குடுக்கலாம். ஆனா ஆசிரியருக்கு முதலே சொல்லிச் செலவுக்கணக்கில போடுங்கோ, ஒளிச்சுக் குடுக்காதேங்கோ. மரத்தில இன்னொருக்கா ஏறச் சொல்லவே கூடாது, அதில எனக்கு ரெண்டாம் கதை இல்லை. நாளைக்கும் ஏறுவார்தானே, நாளைக்குப் போங்கோ.

#10 பழைய_நெகட்டிவ்

காசைவிடப் படத்தைக் குடுங்கோ. நான் சொல்லுறது வட்ஸப்பில இல்லை, பிரின்ற் போட்டு. வயசான ஆக்கள் நல்லா ஒரு படம் இருக்கவேணும் எண்டு விரும்புவினம், வாய்விட்டே கேப்பினம்: "தம்பி, கல்வெட்டுக்குப் போடுறமாதிரி ஒண்டு எடு." செத்தபிறகு அந்தியேட்டிக் கிரியையில குடுக்கிற அந்தக் கல்வெட்டுப் புத்தகத்துக்குத் தன்ரை படத்தைத் தானே தெரிவு செய்து வைக்கிற சனம் நாங்கள். சிரிக்காமல் நேராப் பார்க்கிறமாதிரி ஒண்டு அவைக்கு எடுத்துக் குடுத்திட்டு, பிறகு உங்கடை படத்தை எடுங்கோ. முதல் படத்துக்கு விறைச்சு நிண்டவை ரெண்டாவதுக்குத் தோளை இறக்கிவிடுவினம். இது கனபேருக்குத் தெரியாத தொழில் இரகசியம், சும்மா சொல்லிப்போட்டன்.

#11 வாடைக்காத்து

பெண் படப்பிடிப்பாளர் எண்ட முறையில ரெண்டொரு விசயம். பட்டியலிலயும் சரி, இவ்வளவு நேரமும் இஞ்ச கதைச்சதிலயும் சரி, ரீச்சர்மாரைத் தவிரப் பெண்கள் எங்கயாவது வந்தவையோ? வலையில சிக்கினதைத் தெரிஞ்செடுக்கிறது, கருவாடு காயவிடுறது, பனையோலை வார்ந்து பெட்டி இழைக்கிறது, இதுகளில பெரும்பங்கு பெண்கள்தான். ஆனா ஆம்பிளை ஒராள் கமராவோட படலையில நிண்டால் உள்ளுக்குப் போயிடுவினம். படத்தை எடுத்து முகநூலில போட்டிடுவினம் எண்ட பயம் வீணான பயமும் இல்லை. எங்க வரப்போகுது, இணையத்திலயும் வருமோ, ஆர் பார்ப்பினம் எண்டு முதலே சொல்லுங்கோ. பழைய சஞ்சிகை ஒண்டைக் கையில கொண்டு போய்க் காட்டினால் பாதி வேலை முடிஞ்சுது. அப்பவும் ஏலாது எண்டால் கும்பிட்டிட்டு வாங்கோ. சின்னப்பிள்ளையள் எண்டால் தாய் தேப்பனிட்டைக் கேக்காமல் வேண்டவே வேண்டாம்.

மற்றது, வடக்கெண்டால் வெளியில இருந்து இன்னொரு படமும் கேப்பினம், காணாமல் போன பிள்ளையின்ரை படத்தைக் கையில வைச்சிருக்கிற தாய். 2017 மாசி மாதம் தொடங்கின போராட்டத்தில கிளிநொச்சியில தெருவோரம் இருந்த அம்மாமாரை எத்தினை கமரா எடுத்தது எண்டு கணக்கில்லை. அது அவையின்ரை போராட்டம், உலகம் பார்க்கவேணும் எண்டுதான் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். விடுமுறைக்கு எங்க போகலாம் எண்டு எழுதிற கட்டுரைக்குள்ள, ஹோட்டல் விளம்பரத்துக்குப் பக்கத்தில அதை வைக்கக் குடுக்காதேங்கோ. கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுங்கோ.

படத்துக்குள்ள எடுத்த இடத்தைக் காட்டுற ஜீபிஎஸ் விபரம் பதிஞ்சிருக்கலாம். ஆக்களின்ரை வீட்டில எடுத்ததுகளை அனுப்பேக்கை அதை அழிச்சுவிடுங்கோ. முகாம், கடற்படைப் பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ரை அனுமதி வேணும். கலியாணவீட்டில பறக்கவிடுற துணிவில தீவுக்குக் கொண்டு போகவேண்டாம்.

#12 கச்சேரியடி

ஒப்பந்தக் கேள்விக்கு வாறன். இலங்கையில 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான் அடிப்படை. படம் உருவான உடனயே பதிப்புரிமை வந்திடும், எங்கயும் பதியத் தேவையில்லை. எடுத்தவர் இருக்கும்வரைக்கும், அவருக்குப் பிறகு 70 வருசமும் நிக்கும். மாதச் சம்பளத்துக்கு நிண்டு எடுத்தால், வேறை மாதிரி எழுதாட்டி, பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள் ஒருத்தருக்கும் கீழ வேலை செய்யேல்லை. ஆனபடியால் உரிமை உங்கடை கையை விட்டுப் போறதெண்டால் நீங்களாக் கையெழுத்து வைச்சுக் குடுத்தால்தான் போகும். கனபேர் அப்பிடித்தான் குடுக்கினம். "எல்லா உரிமையும், எக்காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும்" எண்டு ஒரு வரி இருந்தால் பேனையை மூடி வைச்சிட்டு மின்னஞ்சல் போடுங்கோ. முதல் தரம் பிரசுரிக்கிற உரிமை, இத்தனை மாதத்துக்கு வேறை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன், அச்சுக்கும் அவையின்ரை இணையத்தளத்துக்கும் மட்டும் எண்டு திருப்பிக் கேளுங்கோ. கேட்டால் வேலை போயிடும் எண்டு பயப்பிடுகினம். ஒழுங்கான இடத்தில கேக்கிறது வழமை.

கொக்குவில்_செற்றப் சொன்ன காசுப் பிரச்சினைக்கும் மருந்து இதுக்குள்ளதான். பிரசுரமானால்தான் காசு எண்டதை, படம் ஒப்படைச்ச திகதியில இருந்து காசு எண்டு மாத்தச் சொல்லுங்கோ. கட்டுரையைக் கைவிட்டால் எவ்வளவு தருவினம் எண்டதும் எழுத்தில வரட்டும். படகு, வாகனம், தங்குமிடம் தனிக் கணக்கு. உரிமை உங்களிட்டை இருந்தால் தடைக்காலம் முடிய அதே படத்தை இன்னொரு நாட்டுச் சஞ்சிகைக்குக் குடுக்கலாம். சாமத்தியவீட்டு அல்பத்தை ரெண்டாந்தரம் விக்கேலுமோ?

இன்னொண்டு. கட்டுரைக்கு எடுத்த ஆளின்ரை படத்தை விளம்பரத்துக்குக் குடுக்கிறதெண்டால் அவற்றை கையெழுத்து வேணும். எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒராள் எடுத்த படத்தை ஒரு ஹோட்டல்காரர் கேக்காமல் பெரிய பலகையில போட்டவை. எடுத்தவனுக்கும் தெரியாது, படத்தில நிண்ட ஐயாவுக்கும் தெரியாது. மூலக் கோப்பு கையில இருந்தபடியால் கடைசியில காசு வாங்கினது. கமரா பதிஞ்ச அந்த மூலக் கோப்பை, ரோ கோப்பை, ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ.

#13 படமேசை

கச்சேரியடிக்கு நன்றி, நான் எழுத நினைச்சதை மிச்சப்படுத்திப்போட்டியள்.

படவிளக்கம் பற்றி மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். நல்ல படம் எடுத்தவன்கூட இதில கோட்டை விடுறான். "நெடுந்தீவில் ஒரு மீனவர்" எண்டு அனுப்பினால் அவர் பக்கத்திலயும் ஒரு மீனவராத்தான் நிப்பார். முழுப்பெயர், அவர் எழுதிறமாதிரியே எழுத்துக்கூட்டல், வயசு, என்ன வேலை, எந்தத் துறை, அந்த நேரம் என்ன செய்துகொண்டு நிண்டவர், திகதி. ஒராளை எடுத்து முடிஞ்ச உடன அவற்றை பெயரை அவரையே ஒரு துண்டில எழுதச் சொல்லி, அந்தத் துண்டையும் ஒரு படம் தட்டுங்கோ. பிறகு கோப்பு வரிசையில ஆள் மாறாது. அதெல்லாத்தையும் படக்கோப்புக்குள்ளயே விளக்கம் எழுதிற ஐபிரிசி (IPTC) விபரத்துக்குள்ள எழுதி அனுப்புங்கோ. மின்னஞ்சலில தனியா அனுப்பினது தொலைஞ்சுபோகும்.

#14 முற்றத்துவெயில்

எல்லாருக்கும் பெரிய நன்றி. பட ஆசிரியருக்கு எழுதினன். படகில வேலை செய்யிறவை, கல்வேலி அடுக்கிறவர், கருவாடு போடுற அம்மா ஒராள், நயினாதீவில கடை வைச்சிருக்கிறவை எண்டு என்ரை பட்டியலையும் அனுப்பினன். எல்லாற்றை பெயரும் போடவேணும் எண்டும் கேட்டன். மறுமொழி வந்திட்டுது. கறுப்பு வெள்ளை கட்டாயமில்லையாம், சுருக்கமும் கட்டாயமில்லையாம், பெயர் போடுவினமாம். குதிரை மட்டும் கட்டாயமாம்.

உரிமை விசயம் இன்னும் இழுபடுது. ஒரு வருசம் ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது எண்டு நிக்கினம், நான் ஆறு மாதம் எண்டு கேட்டிருக்கிறன். கோயிலைப் பொறுத்தமட்டில் உள்ளுக்கு எடுக்கிறதில்லை, இறங்குதுறைப் பக்கம் நிண்டு வெளியில வாற சனத்தை எடுக்கிறதாத்தான் யோசிச்சிருக்கிறன்.

தீவான் அண்ணை, குதிரைக்கு எந்த நேரம் போகவேணும்? காலமைப் படகில வந்து பின்னேரம் திரும்பலாமோ?

#15 பழைய_நெகட்டிவ்

படகில லென்ஸ் மாத்தாதை. உப்புத் தூவானம் உள்ளுக்குப் போனால் கமரா முடிஞ்சுது. இரவு ஏசி அறையில கிடந்த கமராவை விடிய வெளியில எடுத்த உடன கண்ணாடி வேர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியில வைச்சிட்டுப் பிறகு எடு.

#16 தீவான்

திரும்ப நினைக்காதேங்கோ, ஒரு இரவாவது தங்குங்கோ. குதிரையள் தென்மேற்கு வெளிப் பக்கம் நிக்கும், வெயில் ஏற முதல் போகவேணும். காலமைப் படகில வந்து இறங்கிப் போய்ச் சேர அது தப்பிப்போகும். ஞாயிறு, பூரணைப் போயா நாளில வராதேங்கோ, நயினாதீவுக்குப் போற சனத்தால குறிகட்டுவான் நிரம்பிக் கிடக்கும். மேலதிகப் பற்றரி கொண்டு வாங்கோ. கல்வேலி அடுக்கிற ஐயா ஒராளிட்டை நேற்றுக் கதைச்சனான். "படம் எடுக்கட்டும், ஆனா கல்லுத் தூக்கித் தரவேணும்" எண்டவர். அவற்றை இலக்கத்தை உள்பெட்டியில போடுறன்.